பழைய கம்ப்யூட்டர் கேம்களைப் பூட்டு இல்லாமல் காசு கொடுத்து வாங்க முடியுமா?

பாலக்கோட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். கல்லூரிக் காலத்து கேம் சிடிகள் இன்னும் பெட்டியில் இருக்கின்றன, அதில் ஒன்றிரண்டு ஒரிஜினல், மற்றவை காப்பி. புது லேப்டாப்பில் யூஎஸ்பி சிடி டிரைவ் மாட்டிப் போட்டால் ஒன்றும் ஓடவில்லை. ஐஜிஐ, கமாண்டோஸ், வைஸ் சிட்டி, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், ரோட் ராஷ் எல்லாம் பையனுக்குக் காட்ட ஆசை. காசு கொடுத்தே வாங்கிவிடலாம், ஆனால் சிடியும் கேட்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் நெட்டும் கேட்கக் கூடாது, அப்படி யாராவது விற்கிறார்களா என்பது கேள்வி. இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: காசு கொடுத்த பிறகு அது என்னிடமே இருக்குமா, இல்லை விற்றவர் நினைத்தால் திரும்பப் பறித்துக்கொள்ள முடியுமா? முதல் கேள்விக்குப் பதில் சுலபம், விற்கிறார்கள். இரண்டாவதுக்குப் பதில் பாதி கடையின் கையில், பாதி உங்கள் கையில். இன்ஸ்டாலரை, அதாவது கேமை நிறுவும் ஃபைலை, முழுதாக இறக்கி உங்கள் டிஸ்கில் வைத்துக்கொள்ளும் வரை நீங்கள் வாங்கியது முழுமையாகவில்லை. நான் கீழே எழுதுவதெல்லாம் சுற்றிச் சுற்றி இந்த ஒன்றுக்குத்தான் வரும்.

கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் நெடுங்காலமாக இருக்கிறேன். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு பஸ்ஸில் போய் போர்டும் ராமும் வாங்கி வந்து அசெம்பிள் செய்து கொடுத்த காலத்திலிருந்து இந்தக் கேம்களை நிறுவியும் பழுது பார்த்தும் பழக்கம். அதனால் மெஷின் சம்பந்தப்பட்டவற்றை அனுபவத்தில் சொல்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வது சட்டப் பிரிவுகளைப் படித்த அளவுக்குத்தான், நான் வக்கீல் இல்லை.

முதலில் உங்கள் சிடிகள் ஏன் ஓடவில்லை என்று பார்ப்போம். ஒரிஜினல் சிடி ஓடாததற்கும் காப்பி சிடி ஓடாததற்கும் காரணம் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். 1990களின் கடைசியிலிருந்து பல நிறுவனங்கள் காப்பி அடிப்பதைத் தடுக்க சேஃப்டிஸ்க், செக்யூரோம் போன்ற மென்பொருள் பூட்டுகளைப் போட்டன. சேஃப்டிஸ்க் செய்யும் வேலை இதுதான்: சிடியில் வேண்டுமென்றே சில பிழையான இடங்களை வைத்து அச்சடிப்பார்கள். சாதாரண ரைட்டரில் காப்பி அடித்தால் அந்தப் பிழைகள் அப்படியே வராது. கேம் தொடங்கும்போது அந்த இடங்களைத் தேடிப் பார்த்து, இல்லையென்றால் ஓட மறுக்கும். இந்தச் சோதனையைச் செய்ய விண்டோஸின் அடித்தளம் வரை இறங்கும் டிரைவர் என்ற ஒரு துணை மென்பொருள் தேவைப்பட்டது. அதிலேயே பாதுகாப்பு ஓட்டை இருந்தது. 2015ல் வந்த விண்டோஸ் 10ல் மைக்ரோசாஃப்ட் அந்த டிரைவரைச் சேர்க்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு அப்டேட் மூலம் விண்டோஸ் 7, 8 இரண்டிலும் அதை முடக்கியது. அதாவது காசு கொடுத்து வாங்கிய, ஒரு கீறல்கூட இல்லாத சிடியும் இன்றைய லேப்டாப்பில் ஓடாது. நியாயமாக வாங்கியவருக்கு இதுதான் நடந்திருக்கிறது. இதை நினைக்கும்போது எனக்கு இன்னும் மனசு கேட்பதில்லை. பூட்டு போட்டவர்கள் போய்விட்டார்கள், பூட்டு மட்டும் நிற்கிறது.

காப்பி சிடியில் பூட்டை ஏற்கெனவே யாரோ உடைத்திருப்பார்கள். அது ஓடாததற்கு இரண்டு காரணங்களை முதலில் சந்தேகப்படுவேன். ஒன்று, எழுதிய சிடிக்குள் இருக்கும் சாயப் பூச்சு வெயிலிலும் ஈரத்திலும் நாளாக ஆகக் கெட்டுப்போவது. இன்னொன்று, அந்தக் காலத்து இன்ஸ்டாலர்கள் பலவும் 16 பிட் என்ற பழைய முறையில் எழுதப்பட்டவை. 64 பிட் விண்டோஸ் அவற்றைத் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11 என்றாலே 64 பிட்தான். கேம் நன்றாக இருந்தும் அதை நிறுவும் ஃபைல் செத்துப்போயிருக்கும்.

இதற்கும் முன்னால் இருந்த பூட்டுகள் காகிதத்தில் இருந்தன. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கேமின் பழைய பதிப்பில், கையேட்டின் குறிப்பிட்ட பக்கத்தில் குறிப்பிட்ட வரியில் இருக்கும் ஒரு சொல்லின் முதல் எழுத்தைக் கேட்டு, அந்த எழுத்துள்ள புட்டியைக் குடிக்கச் சொல்வார்கள். வேறு சில கேம்களில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுழலும் அட்டைச் சக்கரம் வரும், அதைத் திருப்பிப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும். கையேடு தொலைந்தால் கேமும் தொலைந்தது. பின்னால் 2008 வாக்கில் நெட் வழியாக ஆக்டிவேஷன் வந்தது, அதாவது நிறுவனத்தின் சர்வர் அனுமதித்தால்தான் கேம் திறக்கும். ஸ்போர் என்ற கேமை மூன்று முறைக்கு மேல் ஆக்டிவேட் செய்ய முடியாது என்று வைத்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஐந்தாக்கினார்கள். காகிதம், சிடி, சர்வர் என்று பூட்டு இருக்கும் இடம்தான் மாறியது.

இனி கடைக்கு வருவோம். நீங்கள் கேட்பதற்கு நேரான பதில் ஜிஓஜி. போலந்தின் சிடி ப்ரொஜெக்ட் நிறுவனம் 2008ல் ‘குட் ஓல்ட் கேம்ஸ்’ என்ற பெயரில் தொடங்கியது. பழைய கேம்களின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம் அனுமதி வாங்கி, பூட்டை எடுத்துவிட்டு, இன்றைய விண்டோஸில் ஓடும்படி சரிசெய்து விற்பது அவர்கள் தொழில். 2012ல் பெயரைச் சுருக்கிக்கொண்டு புதிய கேம்களையும் விற்க ஆரம்பித்தார்கள், பூட்டு இல்லை என்ற கொள்கையை விடவில்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கேம் என்றால், பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரோடு சேர்த்தே கட்டித் தருவார்கள். நீங்கள் தனியாக எதையும் அமைக்க வேண்டியதில்லை. 2024 நவம்பரில் நூறு கேம்களோடு ஒரு பாதுகாப்புத் திட்டமும் தொடங்கினார்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் கேம்கள் வருங்கால விண்டோஸிலும் ஓடுமாறு தாங்களே கவனித்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். புதிதாகச் செய்தது எப்போதும் மேல் என்று நினைத்துவிடாதீர்கள். 1999ல் வந்த ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 கேமுக்கு 2015ல் யூபிசாஃப்ட் ஒரு ஹெச்டி பதிப்பு விட்டது. மூல நிரல் தொலைந்துபோனதால் அதில் விரிவாக்கப் பாகங்கள் இரண்டும் இல்லை. ஜிஓஜியில் விற்கும் பழைய முழுப் பதிப்பில் அவை இருக்கின்றன.

ஜிஓஜிக்கு கேலக்ஸி என்று ஒரு லான்ச்சர், அதாவது கேம்களை இறக்கித் திறக்கும் ஆப், உண்டு. அது வசதிக்குத்தான், கட்டாயம் கிடையாது. நீங்கள் செய்ய வேண்டியது, இணையதளத்தில் உங்கள் கணக்கின் லைப்ரரிக்குப் போய், கேமின் பக்கத்தில் ‘ஆஃப்லைன் பேக்கப் இன்ஸ்டாலர்’ என்று இருப்பதை இறக்குவது. கேலக்ஸி என்று எழுதியிருக்கும் பட்டனை அழுத்தினால் லான்ச்சரின் சின்ன ஃபைல்தான் வரும், கேம் அதற்குள் இருக்காது. எங்களிடம் வருபவர்களில் பலர் அந்தச் சின்ன ஃபைலைப் பென் டிரைவில் பத்திரமாக வைத்துக்கொண்டு கேமையே வைத்திருப்பதாக நம்புகிறார்கள். ஃபைலின் அளவைப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

பறித்துக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு நடந்தவற்றையே சொல்கிறேன். ஃபால்அவுட்டின் முதல் பாகம் 1997ல் வந்தது. ஜிஓஜி தொடங்கிய நாளிலிருந்து விற்ற கேம்களில் ஒன்று. 2013 கடைசியில் விற்பனை உரிமை பெதெஸ்டா நிறுவனத்திடம் போனபோது விற்பனையிலிருந்து எடுத்தார்கள். 2015ல் திரும்ப வந்தது. இடைப்பட்ட காலத்தில் புதிதாக யாரும் வாங்க முடியவில்லை, ஆனால் முன்பே வாங்கியவர்கள் இறக்கிக்கொண்டேதான் இருந்தார்கள். வார்கிராஃப்ட் முதல் இரண்டு பாகங்களும் அப்படியே: 2019ல் ஜிஓஜிக்கு வந்தன, 2024 டிசம்பரில் அவற்றைச் செய்த பிளிஸார்ட் நிறுவனம் கேட்டுக்கொண்டதால் விற்பனை நின்றது, வாங்கியவர்களின் லைப்ரரியில் இன்ஸ்டாலர் தொடர்ந்தது. இதை யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமோடு வைத்துப் பாருங்கள். அது சர்வர் இல்லாமல் ஓடாத கேம். 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்த எல்லாருக்கும் அன்றோடு முடிந்தது, தனியாக விளையாடக்கூட வழியில்லை. பிறகு வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே உரிமத்தை எடுத்தார்கள்.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டல் கடைகள் உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு ‘வாங்குங்கள்’ என்று விளம்பரம் செய்யக் கூடாது, விற்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும் என்கிறது. ஸ்டீம் என்ற பெரிய கேம் கடை அதற்கு முன்பே, 2024 அக்டோபரிலேயே, பணம் கட்டும் இடத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது. சட்டப்படி ஜிஓஜி கொடுப்பதும் உரிமம்தான், இதில் யாரும் ஏமாற வேண்டாம். ஆனால் ஆஃப்லைன் இன்ஸ்டாலர் உங்கள் டிஸ்கில் இருந்தால் அதைத் தொலைவிலிருந்து நிறுத்த யாரிடமும் எந்த வழியும் இல்லை. ஜிஓஜியே நாளை மூடப்பட்டாலும் இறக்கி வைத்தது ஓடும். இறக்காமல் லைப்ரரியில் மட்டும் விட்டு வைத்தது ஓடாது. இது உறுதியாகச் சொல்லக்கூடியது. ஒரு கடை இன்னும் எத்தனை வருடம் நடக்கும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் வாங்கிய அன்றே இறக்கிவிடுங்கள் என்கிறேன்.

ஜிஓஜியில் இருந்தால் எல்லாமே நூறு சதவீதம் சுத்தம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021 செப்டம்பரில் ஹிட்மேன் என்ற கேமை விற்க வைத்தார்கள். நெட் இல்லாமல் விளையாடினால் அதன் முன்னேற்றமும் கிடைக்க வேண்டிய பொருட்களும் பல பூட்டியே கிடந்தன. வாங்கியவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், அக்டோபர் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டார்கள். பழைய கேம்களில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை, ஏனென்றால் அவை நெட்டை எதிர்பார்த்து எழுதப்பட்டவையே இல்லை. புதிய கேம் வாங்கும்போது மட்டும் வாங்கியவர்கள் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

வேறு கடைகளும் உண்டு. ஸ்டீமில் விற்கும் கேம்களில் கொஞ்சம் பூட்டே இல்லாதவை. இறக்குவதற்குத்தான் ஸ்டீம் தேவை, அப்புறம் ஃபோல்டரை அப்படியே வேறு கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போனாலும் ஓடும். எந்த கேம் அப்படி என்பது கடைப் பக்கத்தில் தெளிவாக இருக்காது. பிசி கேமிங் விக்கி என்ற தளத்தில் ஒவ்வொரு கேமுக்கும் எந்தக் கடையில் என்ன பூட்டு என்று அட்டவணை போட்டிருப்பார்கள். வாங்கும் முன் அதைப் பார்ப்பது என் வழக்கம். விளையாடுபவர்களே எழுதும் தளம் என்பதால் எப்போதாவது பழைய தகவல் நின்றுவிடும், அதனால் அதை மட்டும் நம்பி விலை உயர்ந்த கேமை வாங்க வேண்டாம். இட்ச் என்ற தளத்தில் தனி ஆட்கள் செய்த சிறிய கேம்கள் பெரும்பாலும் பூட்டில்லாமல் கிடைக்கும், ஆனால் நீங்கள் தேடும் பழைய கேம்களுக்கு அது இடமில்லை. பாதி விலைக்கு ‘கீ’, அதாவது கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீட்டு எண், விற்கும் தளங்கள் பக்கம் போகவே வேண்டாம். அந்தக் கீ எங்கிருந்து வந்தது என்பது தெரியாது, பின்னால் ரத்தானால் கேட்பதற்கு ஆளில்லை.

பணம் கட்டுவதில் நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஸ்டீமில் விலை ரூபாயில் இருக்கும், யூபிஐயிலும் கட்டலாம். ஜிஓஜியில் டாலர் விலை, வெளிநாட்டுப் பரிவர்த்தனை. 2020ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, வெளிநாட்டுப் பரிவர்த்தனை வேண்டுமென்றால் கார்டு வைத்திருப்பவர்தான் அதைத் திறந்துவிட வேண்டும். வங்கி ஆப்பில் கார்டு அமைப்புகளுக்குள் ‘இன்டர்நேஷனல்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைத் திறந்து, உச்ச வரம்பை ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்கு வைத்து, வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள். கார்டு மறுக்கப்பட்டது என்று திரும்பத் திரும்ப முயற்சி செய்து கடையைத் திட்டுபவர்கள் பலர் இந்தச் சுவிட்சைப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய கேம்களின் விலை பெரும்பாலும் 5.99 அல்லது 9.99 டாலர். வருடத்தில் பலமுறை தள்ளுபடி வரும், அப்போது அதில் பாதிக்கும் கீழே போகும். இதற்கு மேல் வங்கி அந்நியச் செலாவணிக்காக ஒரு சிறு சதவீதம் பிடிக்கும். வெளிநாட்டு டிஜிட்டல் விற்பனைக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு பட்டனை அழுத்துங்கள். கேம் ஓடவில்லை என்றால் ஜிஓஜியில் 30 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், இறக்கி விளையாடிப் பார்த்திருந்தாலும் பரவாயில்லை. ஸ்டீமில் 14 நாட்கள், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளையாடியிருக்கக் கூடாது.

உங்கள் வீட்டில் ஃபைபர் இல்லை, மொபைல் டேட்டாதான் என்று எழுதியிருந்தீர்கள். அது ஒரு தடையே இல்லை. ஒரு சிடியின் கொள்ளளவு சுமார் 700 எம்பி. ஒற்றை சிடியில் வந்த கேம் எதுவாக இருந்தாலும் அந்தக் கணக்கை ஒட்டித்தான் இருக்கும், ஒரு நாளைய டேட்டாவில் இறங்கிவிடும். பென்னாகரம், அஞ்செட்டி பக்கம் சிக்னல் மெலிந்த கிராமங்களிலிருந்து வருபவர்களிடம் நான் சொல்வது, டவுனுக்கு வரும்போது லேப்டாப்போடு வந்து இறக்கிக்கொண்டு போங்கள் என்றுதான். ஒருமுறை இறக்கினால் அப்புறம் நெட்டே வேண்டாம் என்பது இந்த வகைக் கேம்களின் பெரிய வசதி. நகரத்தில் இருப்பவர்களைவிட நமக்குத்தான் இது அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

பெரிய கேம்கள் துண்டு துண்டாக வரும்: ஒரு எக்ஸ்இ ஃபைல், கூடவே பின் என்று முடியும் சில ஃபைல்கள். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் நிறுவுதல் நடுவில் நின்றுவிடும். பழைய பென் டிரைவ்கள் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. துண்டுகள் அந்த அளவுக்குள் இருப்பதால் பொதுவாகச் சிக்கல் வராது. இறக்கி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள்: வைஃபையையும் டேட்டாவையும் அணைத்துவிட்டு, முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில், அந்த ஃபைலிலிருந்து நிறுவி, பத்து நிமிடம் விளையாடி, சேவ் செய்து, மறுபடி திறந்து பாருங்கள். ஓடினால் அது உங்களுடையது. பிறகு இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள், ஒன்று எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்கில், இன்னொன்று அதைவிட்டுத் தள்ளி வேறொரு டிஸ்கிலோ வேறு வீட்டிலோ. கரண்ட் போய் வரும்போதும் கீழே விழும்போதும் செத்துப்போன டிஸ்குகளைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். அது கைமாற்றுவதற்கு நல்லது, வருடக்கணக்கில் பெட்டியில் வைக்க ஏற்றதில்லை. எந்த கேம், எப்போது இறக்கியது என்று ஃபோல்டர் பெயரிலேயே எழுதுங்கள், கையேடு பிடிஎஃப் ஆகக் கிடைத்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

ஓட்டுவதில் வரும் சிக்கல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாஸ்பாக்ஸில் ஓடும் கேம் தலைதெறிக்க ஓடினால் கன்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். பழைய 3டி கேம்களில் நிறம் கெட்டாலோ திரை கறுத்தாலோ டிஜி வூடூ என்ற இலவச இடைநிலை மென்பொருள் பல நேரம் கைகொடுக்கும், ஆனால் எல்லா லேப்டாப்பிலும் ஒரே மாதிரி கைகொடுக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது. திரை அகலமாக நீண்டு மனிதர்கள் குண்டாகத் தெரிந்தால் கிராஃபிக்ஸ் அமைப்பில் 4:3 விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள். நெட் வழியாகப் பலர் சேர்ந்து விளையாடுவதை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அந்தக் காலத்தில் பல கேம்களுக்கு ஆட்டக்காரர்களைச் சேர்த்து வைத்த கேம்ஸ்பை சேவை 2014ல் நின்றுவிட்டது. வீட்டுக்குள் இரண்டு லேப்டாப்பை இணைத்து விளையாடும் வசதி பல கேம்களில் இன்னும் வேலை செய்யும். அரசு கொடுத்த இலவச லேப்டாப் ஏதாவது வீட்டில் சும்மா கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். 2000க்கு முந்தைய கேம்களுக்கு அது தாராளம், பையன் அதிலேயே விளையாடட்டும்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழசாகிவிட்டது, விற்பனையில் இல்லை, அதனால் இலவசம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ல் அப்படி ஒன்று இல்லை. கம்ப்யூட்டர் நிரலை அது இலக்கியப் படைப்பாகக் கணக்கிடுகிறது, உரிமை ஆசிரியரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, நியாயமாக வாங்கியவர் தொலைந்துபோகாமல் இருக்கப் பாதுகாப்புப் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆகவே வாங்கிய இன்ஸ்டாலரை இரண்டு டிஸ்கில் வைப்பதில் பயம் வேண்டாம். நண்பர்களுக்குக் கொடுப்பது அதில் சேராது, கடையின் ஒப்பந்தத்திலும் சேராது. பூட்டில்லாமல் விற்பவர்கள் நம்மை நம்பி விற்கிறார்கள். ஊர் முழுக்கப் பென் டிரைவில் சுற்றிவிட்டால் அந்த நம்பிக்கையில் விற்க வரும் அடுத்த நிறுவனம் வராது. அதனால் இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன், யார் கேட்டாலும் காப்பி போட்டுத் தருவதில்லை.

சந்தேகம் இருக்கும் இடம், உங்களிடம் உள்ள ஒரிஜினல் சிடியின் பூட்டை உடைத்து விளையாடலாமா என்பது. 2012ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. நோக்கம் என்ற நிபந்தனை அதில் இருப்பதால், சொந்த சிடியைச் சொந்த வீட்டில் ஓட்டுவதற்கு அது பொருந்தாது என்பது என் வாசிப்பு. வாசிப்பு மட்டுமே, நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டிச் சொல்லவில்லை. நடைமுறையில் என் கவலை வேறு. பூட்டை உடைக்கும் கிராக் ஃபைலை யாரோ முகம் தெரியாதவர் செய்திருப்பார், அதை நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அப்படி அணைத்துவிட்டு, போட்டோக்களும் கணக்குகளும் பறிபோய் எங்களிடம் வந்தவர்கள் உண்டு. ஆறு டாலர் மிச்சம் பிடிக்க அந்த ஆபத்தை எடுக்காதீர்கள்.

காசே இல்லாமல், யாருடைய உரிமையையும் மீறாமல் விளையாடவும் கொஞ்சம் இருக்கிறது. ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ என்ற சாகச கேமை அதைச் செய்தவர்களே 2003ல் இலவசமாக்கினார்கள், ஸ்கம்விஎம் என்ற மென்பொருளில் ஓடும். ஓபன்டிடிடி ரயிலும் பஸ்ஸும் விட்டு நிறுவனம் நடத்தும் கேம். பழைய டிரான்ஸ்போர்ட் டைகூனை ஒட்டி ஆர்வலர்கள் 2004லிருந்து வளர்த்துவருவது. பையனுக்கு எட்டு பத்து வயது என்றால் முதலில் இதைக் கொடுங்கள். மணிக்கணக்கில் யோசிக்க வைக்கும்.

கடைசியாக உங்கள் பட்டியல். 1998ல் வந்த கமாண்டோஸ் முதல் பாகம் ஜிஓஜியில் இருக்கிறது. 2000ல் வந்த ஐஜிஐயும் இருக்கிறது. ஐஜிஐயில் மிஷன் நடுவில் சேவ் செய்ய முடியாது என்பதைப் பையனிடம் முன்பே சொல்லி வையுங்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது புதிதாக இருக்கும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 மைக்ரோசாஃப்டினுடையது. 2019ல் வந்த புதுப்பித்த பதிப்பை ஸ்டீமில் ரூபாயில் வாங்கலாம், அது கணக்கோடு கட்டுண்டது என்று தெரிந்தே வாங்குங்கள். அதன் 2022 விரிவாக்கத்தில் திராவிடர் என்று ஒரு நாகரிகமும் ராஜேந்திர சோழனின் போர்த்தொடரும் இருப்பதால், என் கொள்கையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு அதை நானும் வாங்கினேன். வைஸ் சிட்டி பெரியவர்களுக்கான கேம், பையனுக்கு வேண்டாம். உங்களுக்கு வேண்டுமென்றாலும், 2021ல் மறுவடிவம் விட்டபோது பழைய பதிப்பை ஸ்டீம் போன்ற கடைகளிலிருந்து அதை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் எடுத்துவிட்டது, பூட்டில்லாத வடிவம் விற்பனையில் இல்லை. ரோட் ராஷின் பழைய கணினிப் பதிப்பையும் இன்று யாரும் விற்பதில்லை. ஆகவே கமாண்டோஸை முதலில் வாங்குங்கள், தள்ளுபடிக்குக் காத்திருந்தாலும் சரி. நெட்டை அணைத்து மேலே சொன்ன சோதனையைச் செய்து, எந்த இடத்திலாவது நின்றால் திரையில் வரும் பிழைச் செய்தியை வார்த்தை மாறாமல் இங்கேயே எழுதுங்கள், லேப்டாப்பின் மாடலையும் சேர்த்து. பார்த்துச் சொல்கிறேன்.